ஊறப்போட்ட கூம்புகள்

விதைப் பிரிவில் எல்லோரும் அவளை ஜூஸக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளப் பட்டியலில் இருக்கும் பெயரைச் சொல்லி விசாரித்தால் வாசலில் நிற்கும் வாட்ச்மேனே முழிப்பார். பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு பழச்சாற்றுக் கடையில் பதினெட்டு வருஷம் நின்றவள். பழம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தர்பூசணியைத் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்கிறவர்களைக் கண்டால் அவளுக்குச் சிரிப்பு வரும். அவள் ஒரு தடவை தூக்கிப் பார்ப்பாள், அதோடு சரி. மாதுளையைக் கையில் எடுத்ததும் உள்ளே முத்து சிவப்பா வெளுப்பா என்று சொல்லிவிடுவாள், பத்துக்கு ஒன்பது தப்பாது.

சாலையை அகலப்படுத்தியபோது கடை போயிற்று. மூன்று மாதம் வீட்டில் இருந்தாள். வீடு என்றால், முன்னறை முழுக்கக் கணவரின் சலவைக் கடை. பின்னால் ஒரு அறை, ஒரு சமையலறை. இஸ்திரி மேசைக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அவர் மடிக்கிற சட்டைக்கெல்லாம் அந்த மூன்று மாதமும் குறை சொன்னாள். நாலாவது மாதம் அவரே செய்தித்தாளிலிருந்து ஒரு வேலை விளம்பரத்தைக் கத்தரித்து அவள் முன்னால் வைத்தார். மனைவிக்கு வழி காட்டினாரா, தன் மேசையைக் காப்பாற்றிக்கொண்டாரா என்பதை மனிதர் இன்றுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை.

காட்டு மரங்களுக்கு நாற்று வளர்க்கும் பண்ணை அது. அதன் விதைப் பிரிவில்தான் ஆள் கேட்டிருந்தார்கள். விதை அலுவலர் ஒரு பெண், ஜூஸக்காவை விடப் பத்து வயது சின்னவர். நேர்காணல் என்று கேள்வி எதுவும் கேட்கவில்லை. ஒரு கிண்ணம் நிறையக் காட்டு அத்திப் பழத்தை முன்னால் வைத்து, இதிலிருந்து விதையை எடுத்துக் காட்டுங்கள் என்றார். அவள் ஒரு வாளித் தண்ணீரும் சல்லடையும் கேட்டாள். பிசைந்து, அலசி, மிதந்த சக்கையை வடித்து, அடியில் தங்கிய விதையைத் துணியில் பரப்பிவிட்டு நிமிர்ந்தபோது அலுவலர் தேநீர் குடித்து முடித்திருக்கவில்லை. ஆறு மாதம் தற்காலிகம், பிடித்துப்போனால் நிரந்தரம் என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்.

வேலை அவளுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. நீளமான அறை, ஒரு பக்கம் தகர அலமாரிகளில் கண்ணாடி ஜாடிகள், மறுபக்கம் ஆறு நீலத் தொட்டிகள், ஆணியில் மூன்று அளவுச் சல்லடைகள். ஜன்னலுக்குப் பக்கத்தில் அவளுக்கென்று ஒரு மேசை. பதினெட்டு வருஷமாக அவள் குப்பையில் கொட்டிய விதையை இங்கே ஜாடியில் போட்டுப் பெயர் எழுதிப் பூட்டி வைத்தார்கள். அது அவளுக்கு ஒரு மாதிரி சந்தோஷமாக இருந்தது. சுவரில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு காகிதத்தில் செய்முறை எட்டுப் படிகளாக எழுதியிருக்கும். முதல் படி: பறித்து வந்ததை ஓர் இரவு முழுக்க நீரில் ஊறவைக்கவும். அவளுக்கு முன்னால் அங்கே வேலை பார்த்தவர் எழுதி வைத்தது. அவர் காலத்தில் பழமரங்களைத் தவிர வேறு எதுவும் அந்த அறைக்குள் வந்ததில்லை. அதனால் எதற்கான செய்முறை என்று மேலே ஒரு வார்த்தை எழுத வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

எல்லா வினையும் அந்த ஒரு வார்த்தை இல்லாததால் வந்ததுதான்.

அந்தக் கோடையில் மேற்குச் சரிவில் தீப்பிடித்தது. சரிவு முழுக்கப் பைன் மரங்கள். நாலு நாள் எரிந்து அணைந்தபோது உச்சி ஓரத்தில் முப்பது மரங்கள் மிஞ்சியிருந்தன. அவற்றின் கிளைகளில் கூம்புகள் முற்றி நின்றன. ஏறுகிற ஆட்களை விட்டு ஒன்று விடாமல் பறித்து, எட்டு மூட்டையாக விதைப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அன்றைக்குப் பார்த்து விதை அலுவலர் சரிவைப் பார்வையிடப் போயிருந்தார். மூட்டை வந்ததும் சுத்தம் செய்து விதையை எடுக்கிற வேலையை ஆரம்பியுங்கள், இரண்டு நாளில் வந்துவிடுகிறேன் என்று போனில் சொன்னார். அதற்கு மேல் சொல்ல வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை.

உலர் அறையைப் பார்த்துக்கொள்கிறவருக்கு அனல் அண்ணன் என்று பெயர். வெப்பக்காற்று இயந்திரத்தின் திருகு அவர் கையில் இருந்ததால் வந்த பெயர் என்று அவர் சொல்வார். அவர் வாயால் வந்தது என்று மற்றவர்கள் சொல்வார்கள். உலர் அறையில் நாலு மூட்டைக்குத்தான் இடம். நாலை அவர் உள்ளே பரப்பினார். மறுநாள் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போக வேண்டியிருந்ததால், மெதுவாக ஏற்ற வேண்டிய சூட்டை ஒரேயடியாக உச்சத்துக்குத் திருகி வைத்துவிட்டுக் கிளம்பினார்.

மீதி நாலு மூட்டை ஜூஸக்காவின் முன்னால் நின்றது. பைன் கூம்பை அவள் அதுவரை தொட்டதில்லை. எடுத்துப் பார்த்தாள். உள்ளங்கை அளவு, மரக்கட்டை போலக் கெட்டி, செதில் மேல் செதிலாக அடுக்கி இறுக மூடியிருந்தது. இவ்வளவு தடித்த தோலுள்ள பழத்தை அவள் பார்த்ததே இல்லை. தோல் தடிப்பாக இருந்தால் கூடுதலாக ஊற வேண்டும் என்று அவள் அனுபவம் சொன்னது. சுவரைப் பார்த்தாள், சுவரும் அதையே சொன்னது. ஆறு தொட்டியிலும் தண்ணீரை நிரப்பி நாலு மூட்டையையும் கொட்டி, மேலே மிதக்காமல் பலகை வைத்து அழுத்தி, கல்லையும் தூக்கி வைத்தாள். எதையும் அரைகுறையாகச் செய்து அவளுக்குப் பழக்கமில்லை.

இரண்டு நாள் கழித்து விதை அலுவலர் அறைக்குள் வந்தார். தொட்டிகளைப் பார்த்தார். ஒரு பலகையைத் தூக்கிவிட்டு, பழுப்புத் தண்ணீருக்குள் கையை விட்டு ஒரு கூம்பை எடுத்தார். முன்னைவிட இறுக்கமாக, நகம் நுழைய இடமில்லாமல் மூடிக் கிடந்தது. அவர் கத்துகிற ஆள் இல்லை. கோபம் வந்தால் குரல் இறங்கும். அன்றைக்குப் பாதாளத்துக்கு இறங்கியது.

"இது பழம் இல்லக்கா. காயும் இல்ல. பூ பூக்கிற மரத்துல பூவுக்கு அடியில சின்னதா ஒரு பை இருக்கும். விதை அதுக்குள்ள இருக்கும். அந்தப் பை பெருத்துத்தான் பழமாகுது. இந்த மரத்துக்குப் பூவே கிடையாது, பையும் கிடையாது. செதில் மேல விதை வெறுமனே உக்காந்திருக்கு. காஞ்சா செதில் விரியும், விதை விழும். நனைஞ்சா மூடிக்கும். நீங்க நாலு மூட்டையையும் மூடி வச்சிருக்கீங்க."

காகிதத்தில் போட்டிருந்தது என்று அவள் சொல்ல வாயெடுத்தாள். அடுத்த கூம்புக்காவது காத்திருக்கலாமே என்று மட்டும் மெதுவாகக் கேட்டாள். அதற்கு வந்த பதில்தான் அவளை உட்கார வைத்தது. ஒரு கூம்பு முற்ற இரண்டு வருஷம் ஆகும். காற்றில் பறக்கிற மஞ்சள் மகரந்தத் தூளை வாங்கிக்கொண்டு, அப்புறம் நிதானமாகத்தான் அது வளரும். அடுத்த வருஷத்துக்காகக் கிளையில் இருந்த பிஞ்சுகள் தீயின் சூட்டில் கருகி உதிர்ந்துவிட்டன. ஆக, இந்த எட்டு மூட்டையை விட்டால் சரிவுக்கு விதை இல்லை. இப்போது விதைத்தால்தான் அடுத்த மழைக்கு நாற்று மேலே போகும். இல்லையென்றால் மரமில்லாத சரிவு ஒவ்வொரு மழைக்கும் கரைந்து கீழே இருக்கிற வீடுகளின் மேல் வரும்.

உங்கள் வேலை பற்றி மாதக் கடைசியில் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு அலுவலர் சிவப்புப் பேனாவை எடுத்தார். செய்முறைக் காகிதத்தின் மேல் பெரிய எழுத்தில் எழுதினார்: கூம்புகளை ஊறவைக்கக் கூடாது. அது ஜூஸக்காவின் மேசைக்கு நேர் எதிரே, தலை நிமிர்ந்தால் கண்ணில் படுகிற இடத்தில் இருந்தது. விதைப் பிரிவுக்கு வருகிற எல்லோரும் அதைப் படித்துவிட்டு அவளைப் பார்த்தார்கள். விசேஷ வீட்டிலிருந்து திரும்பிய அனல் அண்ணன் கூடுதலாக ஒரு தடவை படித்தார். தன் நாலு மூட்டை நாளைக்குப் பொரி மாதிரி விரிந்துவிடும் என்றும் சொல்லிவைத்தார்.

அன்று மாலை அவள் ஈரக் கூம்பு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள். தன் வேலையைத் தின்ற சனியன் எப்படித்தான் இருக்கிறது என்று ஒருமுறை நன்றாகப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. இஸ்திரி மேசையின் ஓரத்தில் அதை வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். கணவர் தேய்த்துக்கொண்டே என்ன என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது அழுதுவிட்டாள். மனிதருக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. மரக்கட்டை தண்ணீரில் நனைந்ததற்கா இவ்வளவு என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை அவர்தான் அவளைச் சமையலறையிலிருந்து கூப்பிட்டார். இஸ்திரிப் பெட்டியின் பக்கம் இருந்த செதில்கள் மட்டும் விரிந்திருந்தன. சுவர்ப் பக்கம் இன்னும் மூடியே இருந்தது. மேசையில் மடித்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையின் மேல், மெல்லிய இறக்கை ஒட்டிய ஒரு விதை விழுந்து கிடந்தது. அவர் அதை எடுத்து மேலே தூக்கிப் போட்டார். அது சுற்றிச் சுற்றி, அவசரமே இல்லாமல் இறங்கியது. ஜூஸக்கா வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். நனைந்தால் மூடிக்கொள்கிறது, காய்ந்தால் திரும்பத் திறக்கிறது. மழையில் இறக்கை நனைந்துபோன விதை எங்கே பறக்கும்? அதனால்தான் தண்ணீரைக் கண்டதும் மூடிக்கொண்டிருக்கிறது. உள்ளே ஈரம் போகவிடாமல் விதையைப் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறது.

அவள் சாப்பிடாமல் பண்ணைக்கு ஓடினாள். உள்ளே விதை ஊறி அழுகியிருக்கும் என்று அலுவலர் கழித்துவிட்டதால், வடித்து மூட்டை கட்டிய கூம்புகள் குப்பை வண்டிக்காக வாசலில் காத்திருந்தன. அலுவலரிடம் விரிந்த கூம்பைக் காட்டி, ஒரு பத்து நாள் கொடுங்கள் என்று கேட்டாள். இதற்கு மேல் கெட்டுப்போக என்ன இருக்கிறது, செய்யுங்கள் என்றார் அவர். முகத்தில் நம்பிக்கை இருந்ததாகச் சொல்ல முடியாது.

கம்பிவலைத் தட்டுகளில் ஒரே அடுக்காகப் பரப்பி நிழலில் வைத்தாள். காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை, போகும்போது ஒருமுறை புரட்டிப் போட்டாள். ஒன்பதாம் நாள் மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது அறைக்குள் டக் என்று ஒரு சத்தம். எலியோ என்று காலைத் தூக்கினாள். இன்னொரு டக். அப்புறம் நாலைந்து சேர்ந்து. தட்டுகளில் கூம்புகள் ஒவ்வொன்றாகச் செதில் விரிக்கிற சத்தம். சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கோயிலில் கூட அவள் அப்படிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றதில்லை.

மிதமான சூட்டில் இன்னும் ஒரு நாள் வைத்து, விதையை உதிர்க்கிற கம்பிவலை உருளையில் போட்டுச் சுற்றியபோது விதை கொட்டியது. அலுவலர் ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். அவர் கவலை இப்போது வேறு பக்கம் போயிருந்தது. அனல் அண்ணனின் நாலு மூட்டையும் பாதி விரிந்து அப்படியே கல்லாக நின்றுவிட்டன. எடுத்த எடுப்பில் வந்த சூட்டில் செதிலின் வெளிப்புறம் காய்ந்து விறைத்து உட்புறத்தைப் பிடித்துக்கொண்டது. அண்ணன் சூட்டைக் கூட்டிப் பார்த்தார், உருளையில் போட்டுப் பார்த்தார். கடைசியில் மரமே மலட்டு மரம் என்று சொல்லிவிட்டார். அதைச் சொல்லும்போது குரலில் அனல் இல்லை.

பாதிச் சரிவுக்கு விதை இருந்தது, பாதிக்கு இல்லை. இந்த யோசனையோடுதான் அன்று மாலை ஜூஸக்கா வழக்கமான ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கணவர் வெயிலில் கிடந்து முறுகிப்போன ஒரு காட்டன் சட்டையை விரித்து, அதன் மேல் தண்ணீரைத் தெளித்து, சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு வேறு துணியை எடுத்தார். பழக்கதோஷத்தில் அவள் குறை சொன்னாள்: காய்ந்த துணியைத் திரும்ப நனைத்தால் யார் காய வைப்பது என்று.

"ஏம்மா, காஞ்சு விறைச்சதை அப்படியே தேச்சா சுருக்கம் சுருக்கமாவே நிக்கும். முதல்ல அது நனைஞ்சு இளகணும். அப்புறம் நிதானமா சூடு காட்டணும்" என்றார் அவர்.

ஜூஸக்கா அவரையே பார்த்தாள். பதினைந்து நாளாக எதிரே உட்கார்ந்திருந்த இந்த மனிதர் இதை முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

மறுநாள் சிவப்பு எழுத்துக்குக் கீழேயே நின்று அலுவலரிடம் பேச வேண்டியதாயிற்று. மாதக் கடைசிக்கு ஆறு நாள்தான் இருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் முதல் தப்பு மன்னிக்கப்பட்டாலும் பட்டிருக்கும். இன்னொரு முறை அதே தப்பைச் செய்ய அனுமதி கேட்கிறவளை யார் வைத்துக்கொள்வார்கள்?

"அண்ணனோட கூம்பை ஊறப்போடணும் மேடம்" என்றாள். "பத்தே பத்து கொடுங்க. அது திறக்கலைன்னா நானே போயிடறேன், நீங்க சொல்ல வேண்டாம்."

அலுவலர் சுவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பத்து கூம்பை எண்ணிக் கொடுத்தார். ஒரு ராத்திரி தண்ணீரில் கிடந்து பத்தும் ஒட்ட மூடிக்கொண்டன. அனல் அண்ணன் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, இப்போது பாதியும் போயிற்று என்றார். அவள் நிழலில் வைத்தாள், புரட்டினாள், மேடம் கண்ணில் படாமல் வளைய வந்தாள். மாதக் கடைசி நாள் மதியம் மிதமான சூட்டில் முதல் கூம்பு டக் என்றது. சாயங்காலத்துக்குள் பத்தில் ஒன்பது விரிந்தன. பத்தாவதை அவள் திட்டித் தீர்த்தாள்.

அனல் அண்ணன் மறுபடி வந்தார். ஒரு விரிந்த கூம்பை எடுத்துத் தட்டினார், விதை உள்ளங்கையில் விழுந்தது.

"நான்தான் திருகை ஒரேயடியா திருப்பினேன் மேடம். மரத்து மேல பழியப் போட்டுட்டேன்" என்றார். நாலு மூட்டையையும் தூக்கி வந்து தொட்டியில் கொட்டியதும் அவர்தான். பலகைக்கு மேல் கல் வைக்கும்போது ஜூஸக்காவிடம் இவ்வளவு போதுமா என்று கேட்டார். அந்த மனிதர் யாரிடமும் எதையும் கேட்டு அங்கே யாரும் பார்த்ததில்லை.

விதை வந்தாலும் முளைக்குமா என்று பார்க்க வேண்டும். ஈர மணல் தட்டுகளில் இரண்டு வகையிலும் நூறு நூறு விதை போட்டார்கள். பன்னிரண்டாம் நாள் காலை அவள் தட்டுக்கு மேல் குனிந்தாள். குனிந்த வேகத்தில் நிமிர்ந்து மேடத்தின் அறைக்கு ஓடினாள். அவள் இதுவரை பார்த்த பழ விதையெல்லாம் இரண்டு இலையோடுதான் எழுந்திருக்கும். இது விதையோட்டைத் தொப்பி மாதிரி தலையில் போட்டுக்கொண்டு, ஊசி ஊசியாக ஏழு இலையோடு வந்திருந்தது. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் ஓடினாள். ஊறப்போட்டதில் ஏதோ கோளாறாகிவிட்டது என்று மூச்சு வாங்கச் சொன்னாள். கூம்பு மூட்டை வந்ததிலிருந்து அலுவலர் அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சிரித்தார். பைனுக்கு அப்படித்தான், ஆறும் இருக்கும் ஏழும் இருக்கும் என்றார். அவள் தட்டில் நூற்றுக்கு எண்பத்து நாலு முளைத்தது. அனல் அண்ணனுடையதில் ஐம்பத்தொன்று. சூடு தின்றது போக மிச்சம். இரண்டையும் சேர்த்தால் சரிவுக்குப் போதும்.

மாதக் கடைசி தாண்டி மூன்று வாரமாகியிருந்ததை யாரும் பேசவில்லை. கடைசியில் அவள்தான், நான் இருக்கலாமா என்று கேட்டாள். அலுவலர் சிவப்புப் பேனாவை எடுத்து அவள் கையில் கொடுத்தார். எட்டாம் வகுப்போடு நின்ற கையெழுத்து. அவள் செய்முறைக் காகிதத்தின் உச்சியில் 'பழம்' என்று எழுதினாள். புதிதாக ஒரு காகிதத்தை ஒட்டி அதன் உச்சியில் 'கூம்பு' என்று எழுதினாள். நிழல், புரட்டல், மெதுவான சூடு, எல்லாம் வரிசையாக வந்தது. கடைசி வரி: அவசரச் சூட்டில் விறைத்த கூம்பை மட்டும் ஓர் இரவு ஊறவைக்கவும். எழுதி முடித்து அந்தப் பழைய சிவப்பு வரியை அடிக்கப் போனவளை அலுவலர் தடுத்தார். அது இருக்கட்டும், அதுவும் உண்மைதானே என்றார்.

அடுத்த மழைக்கு நாற்றுகள் லாரியில் சரிவுக்கு ஏறின. அவளும் போனாள். கரி அப்பிய மண்ணில் நாள் முழுக்கக் குனிந்து நட்டு, இடுப்பு ஒடிந்து திரும்பினாள். அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவாள். மண் நின்றது. முதலில் முழங்கால் உயரம், பிறகு இடுப்பு, பிறகு அவள் தலைக்கு மேல். ஒன்பதாவது வருஷம் ஒரு மரத்தில் கூம்பு விட்டிருந்தது. மொத்தம் மூன்று. அவை முற்றி, திறந்து, விதையைக் காற்றில் விட்ட பிறகு அலுவலரிடம் கேட்டு ஒரு வெற்றுக் கூம்பை வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

இப்போது அது சலவைக் கடையின் வெளி ஜன்னலில் இருக்கிறது. காலையில் துவைத்த துணி மூட்டையைத் தூக்குவதற்கு முன்னால் கணவர் அதைத்தான் பார்க்கிறார். செதில் விரிந்திருந்தால் மாடிக்கு ஏறிக் கொடியில் போடுவார். மூடிக்கொண்டு வந்தால் காற்றில் ஈரம் ஏறிவிட்டது என்று, வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் உள்ளேயே காயப்போடுவார். வாடிக்கையாளர்கள் கேலி செய்கிறார்கள், வானொலியில் வெயில் என்று சொல்லியிருக்கிறதே என்கிறார்கள்.

"வானொலிக்கு என்ன தெரியும்? இது எங்க வீட்டம்மா நட்ட மரம்" என்று சொல்லிவிட்டு அவர் தேய்க்க ஆரம்பிப்பார்.